ராயபுரத்திலிருந்து ரியாத்துக்கு: செவிலியர் குடும்பங்கள் கையெழுத்துக்கு முன் அறிய வேண்டியவை

துறைமுகமும் தொழிற்சாலையும் வடசென்னையின் ஆண்களுக்குச் சோறு போட்டதைப் பற்றி எழுதுகிறவர்கள், அதே பகுதியின் ஆஸ்பத்திரிகள் பெண்களுக்கு உத்தியோகம் கொடுத்துக் குடும்பங்களை நிமிர்த்திய சரித்திரத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தை வேராகக் கொண்டு வளர்ந்ததும், முதியவர்கள் இன்றைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே குறிப்பிடுவதுமான ஸ்டான்லி, பிரசவத்துக்குப் பேர்போன ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய ரெய்னி, தண்டையார்பேட்டையின் தொற்றுநோய் ஆஸ்பத்திரி ஆகியவை எல்லாம் ஒன்றுக்கொன்று சில மைல் தூரத்துக்குள்தான் இருக்கின்றன. எண்ணூரில் லாரித் தொழிற்சாலைக்கும் திருவொற்றியூரில் டயர் ஆலைக்கும் ஷிப்டுக்குப் போன தகப்பன், தன் பெண்ணை நர்சிங் படிக்க வைத்தான் என்றால், அந்தக் கட்டடங்களைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அந்தப் பெண்களில் பலர் இப்போது கணவனையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ரியாத்துக்கோ துபாய்க்கோ போவதைப் பற்றி யோசிக்கிறார்கள்.

யோசிப்பதற்குக் காரணம் ஆசை என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. 2015ஆம் ஆண்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலமாக அரசு ஒப்பந்த முறையில் ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தபோது, அவர்களுக்கு நிர்ணயித்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடிய பிறகு அது 14,000 ஆகவும், பின்னர் 18,000 ஆகவும் உயர்ந்தது. தனியார் நர்சிங் ஹோம்களின் நிலைமை இதைவிடச் சிலாக்கியம் என்று சொல்வதற்கில்லை. வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் கழுத்தைப் பிடிக்கும் குடும்பத்தில், இரவு டியூட்டி முடித்து வரும் பெண்ணிடம் ஒரு ஏஜெண்டு வளைகுடாச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிச் சொன்னால், அவள் மனம் சலனப்படாமல் எப்படி இருக்கும்?

ஆனால் அந்தப் பெருக்கல் ஒருத்தி தனியாகப் போவதற்கான கணக்கு. ஒரு குடும்பம் குடிபெயர்வதற்கான கணக்கு அதுவன்று. சம்பளம் என்ன என்று கேட்பதற்கு முன்னால், ஒப்பந்தத்தில் தனக்குக் குறித்திருப்பது ‘சிங்கிள் ஸ்டேட்டஸா’, ‘ஃபேமிலி ஸ்டேட்டஸா’ என்று கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முக்கியமான விஷயம். முதலாவது எழுதியிருந்தால் ஆஸ்பத்திரி விடுதியில் ஒரு கட்டிலும், விடுமுறைக்கு ஊர் வந்து திரும்ப ஒருவருக்கு மட்டும் விமான டிக்கெட்டும் கிடைக்கும். இரண்டாவது எழுதியிருந்தால்தான் வீட்டுப்படி, குடும்பத்தாருக்கு டிக்கெட், பிள்ளைகளின் படிப்புச் செலவில் பங்கு ஆகியவை பேச்சுக்கே வரும். ‘முதலில் போம்மா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஏஜெண்டு வாயால் சொல்வதற்கு எந்தத் தேசத்துச் சட்டத்திலும் மதிப்பில்லை.

ஏஜெண்டு என்ற பேச்சு வந்ததால், சட்டத்தைச் சற்று விவரமாகப் பார்க்கலாம். 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரில் போரில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர், பெரும்பாலும் கேரளத்துப் பெண்கள், தனி விமானத்தில் கொச்சி வந்து சேர்ந்தது பலருக்கு நினைவிருக்கலாம். அதற்கு அடுத்த வருஷமே, குவைத் வேலைக்கு அனுமதிக்கப்பட்ட 19,500 ரூபாய்க்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் 19.5 லட்சம் வாங்கியதாக, கொச்சியில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது. இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகு 2015ஆம் ஆண்டில் மத்திய அரசு, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் செவிலியர் அனைவரும் குடிபெயர்வு அனுமதி பெற்றே போக வேண்டும் என்றும், ஆள் சேர்ப்பு முதன்மையாக அரசு சார்ந்த நிறுவனங்களின் வழியே நடக்க வேண்டும் என்றும் விதித்தது. பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை என்பது பொது விதியாக இருக்க, படித்த செவிலியருக்கு மட்டும் அது கட்டாயமாக்கப்பட்டது அவர்களைக் குறைத்து மதித்ததனால் அன்று. அவர்களிடம் பறிக்கப்பட்ட தொகை அவ்வளவு பெரிது.

தமிழ்நாட்டுக்கு அந்த நிறுவனம், 1978இல் மாநில அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. பதிவு பெற்ற எந்த முகவரும் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான். இந்த விதிகளைத் தவிர்க்கச் சிலர் கையாளும் தந்திரம், விசிட் விசாவில் அழைத்துப்போய் அங்கே வேலை விசாவாக மாற்றித் தருவதாகச் சொல்வது. அந்த வழியில் போகிறவளின் பெயர் அரசாங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் வேலைக்குப் போனவளாக இராது; 275 ரூபாய் பிரீமியத்தில் இரண்டு வருஷத்துக்குப் பத்து லட்சம் காப்பீடு தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவும் அவளுக்கு இல்லாமல் போகும்.

இனிக் காகிதங்கள். செவிலியருக்கு இது அலுப்பூட்டும் பகுதிதான். ஆயினும் வடசென்னைப் பெண்களில் பலருக்குக் கதவு சாத்தப்படுவது இங்கேதான் என்பதால் சற்றுத் தங்கியே செல்ல வேண்டியிருக்கிறது. சாந்தோமில் உள்ள தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் பதிவும் நற்சான்றும், ‘டேட்டாஃப்ளோ’ என்னும் மூலச் சரிபார்ப்பும், பணி உரிமத்துக்கான பிரோமெட்ரிக் தேர்வும், சவூதியானால் அந்நாட்டுச் சுகாதாரத் தொழில் ஆணையத்தின் வகைப்பாடும் வேண்டும். அந்த வகைப்பாட்டில் பி.எஸ்சி. படித்தவர் ‘ஸ்பெஷலிஸ்ட்’, டிப்ளமோ படித்தவர் ‘டெக்னீஷியன்’. கைப்பக்குவமும் அனுபவமும் சமமாக இருந்தாலும் சம்பளம் சமமாக இராது. மூலச் சரிபார்ப்பு என்பது நம் கையிலுள்ள சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடைவதன்று. கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும், வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் நேரடியாகவே எழுதிக் கேட்பது. ஆர்டர் இல்லாமல், வருங்கால வைப்பு நிதி இல்லாமல், கவரில் போட்ட ரொக்கச் சம்பளத்துக்கு ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஐந்து வருஷம் ஐ.சி.யூ. பார்த்த பெண்ணுக்கு, அந்த ஐந்து வருஷமும் காற்றோடு போய்விடும் ஆபத்து இங்கே இருக்கிறது. இளம் செவிலியருக்கு நான் சொல்வேன்: வெளிநாடு போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் பணி நியமன உத்தரவையும் சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பெயர் இன்னொரு தொல்லை. நம்மவர் இனிஷியலோடு திருப்தியாக வாழ்கிறவர்கள்; மதிப்பெண் பட்டியலில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து, பாஸ்போர்ட்டில் அவர் முழுப்பெயர், கல்யாணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவர் பெயர் என்று ஒரே பெண் மூன்று பேராக உலவுகிறாள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விஷயத்தில் அமீரகம் 2022 நவம்பர் முதல் கண்டிப்பாக இருக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கல்யாணப் பதிவுச் சான்றும் குழந்தைகளின் பிறப்புச் சான்றும் இதே ரீதியில் ஒத்துப்போக வேண்டும்; கோயிலில் தாலி கட்டியதோடு நின்றவர்கள் பதிவு அலுவலகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சவூதிக்கு இச்சான்றுகளின் மேல் ‘அபோஸ்டில்’ என்னும் பன்னாட்டுச் சான்றொப்ப முத்திரை போதும், ஏனெனில் 2022 டிசம்பர் முதல் அந்நாடு அபோஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. அமீரகத்துக்கும் குவைத்துக்கும் தூதரகச் சான்றொப்பம் தனியே வாங்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்து குடும்பம் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சவூதியில், 2017 ஜூலையில் ஆளுக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கி வருஷத்துக்கு நூறு நூறாக ஏறி, 2020 முதல் 400 ரியாலாக நிற்கும் ஒரு வரி, உடன் வந்த ஒவ்வொரு உறுப்பினருக்கும் உண்டு. கணவனும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். ஒரு ரியாலுக்கு 22 ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 26,400 ரூபாய். இங்கே ஒப்பந்தச் செவிலியர் போராடிப் பெற்ற மாதச் சம்பளத்தைவிட, அங்கே குடும்பத்தைக் கூட வைத்திருப்பதற்குக் கட்டும் வரி அதிகம். கடைச் சாமான்களின் மீது 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி வேறு. அமீரகத்தில் இப்படி ஒரு தலைவரி இல்லை. 2019 முதல், என்ன உத்தியோகம் என்று பாராமல், 4,000 திர்ஹம் சம்பளமோ, 3,000 திர்ஹமும் தங்குமிடமுமோ உள்ளவர் குடும்பத்தை அழைக்கலாம். ஆனால் அங்கே வரியில் மிஞ்சுவதையெல்லாம் வீட்டு வாடகை விழுங்கிவிடும்.

கணவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் குடிபெயர்வில் உத்தியோகஸ்தர் மனைவி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரும் ஆலையில் ஃபிட்டராக இருந்தவரும் அவள் விசாவின் நிழலில் வாழும் சார்ந்தோர் ஆகிறார்கள். அமீரகம் 2019இல் அத்தகைய ஆண்களுக்கும் வேலை அனுமதிச் சீட்டு தரத் தொடங்கியது. சவூதியிலோ பெண் ஊழியர் தன் கணவனை அழைத்துக்கொள்வதே ஆணுக்குள்ள அளவு எளிதன்று. பதவியும் சம்பளமும் ஆஸ்பத்திரியின் சம்மதமும் கூடி வர வேண்டும். சமைத்துக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் கணவனை இழிவாகப் பேசும் சுற்றத்தார் காசிமேட்டிலும் உண்டு, ரியாத்திலும் உண்டு. அந்தப் பேச்சைத் தாங்கும் பக்குவம் இருவருக்கும் இருக்கிறதா என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்வது உத்தமம்.

பிள்ளைகளின் படிப்பில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு நஷ்டம் இருக்கிறது. ரியாத்தில் 1982 முதல் இந்தியப் பள்ளி நடக்கிறது, சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், 2022 முதல் அந்நகரிலேயே நீட் தேர்வும் எழுதலாம். இதெல்லாம் சௌகரியமே. ஆனால் தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அவ்வாறு படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. திருவொற்றியூர் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கும் பெண்ணை இடையில் பெயர்த்துக்கொண்டு போனால், இவ்விரண்டும் அவளுக்கு இல்லாமல் போகின்றன. செவிலியின் மகள் டாக்டராக வேண்டும் என்பதற்காகவே வெளிநாடு போகும் குடும்பம், அதற்கு இருந்த குறுக்கு வழியைத் தானே அடைத்துவிட்டுப் போவதாகாதா? தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குப் புதிய பாடத்திட்டம் எவ்வளவு பாரம் என்பதையும் யோசிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள குழந்தைகளானால் இந்தத் தயக்கம் அவ்வளவு வேண்டியதில்லை.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கடலிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு உள்ளே, சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரியாத்தில் கோடை 45 டிகிரியைத் தாண்டும்; வருஷம் முழுவதும் பெய்யும் மழை சென்னையில் பெய்வதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. வியர்வை தெரியாத வறட்சி, உதடும் மூக்கும் வெடிக்கும். ஜுபைலில் உப்பு நீக்கிய கடல்நீர் குழாயில் அவ்வளவு தூரம் வருகிறது. 2010 முதல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைப் பார்த்த ஜனங்களுக்கு அது அதிசயமாகத் தோன்றாது. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலில் வளர்ந்து மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு மட்டும் வசந்தகாலப் புழுதிப் புயல் மெய்யான அபாயம். டாக்டரைக் கேட்காமல் அழைத்துப் போகக்கூடாது.

என் அபிப்பிராயம் இது. முதல் ஒப்பந்தத்துக்கு அவள் தனியே போகட்டும். பள்ளி விடுமுறையில் குடும்பம் விசிட் விசாவில் போய் ஊரைப் பார்த்து வரட்டும். அதன்பின் ஃபேமிலி ஸ்டேட்டஸ் எழுத்தில் கிடைத்தால் குடிபெயரலாம், கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் கடனை அடைத்துவிட்டுத் திரும்பலாம். தாயைப் பிரிந்து குழந்தை இருப்பது லேசான காரியமென்று நான் சொல்லவில்லை. ஆனால் வரியிலும் வாடகையிலும் சம்பளம் கரைந்து, ஆறாம் மாதம் கணவனும் பிள்ளைகளும் பள்ளி நடுவருஷத்தில் திரும்பி வருவது அதைவிடப் பெரிய சிரமம். திரும்புகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. சவூதிச் சட்டப்படி, வேலை ஒப்பந்தம் முடிந்து வருகிறவருக்கு முதல் ஐந்து வருஷங்களுக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடையாக வர வேண்டும். தானே ராஜினாமா செய்து இரண்டு வருஷத்துக்குள் வருகிறவருக்கு ஒன்றும் கிடையாது. விசா, இகாமா என்னும் குடியிருப்பு அனுமதி, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றின் செலவு முதலாளியைச் சேர்ந்தது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு அதிகாரமில்லை.

இத்தனை விவரங்களையும் தெரிந்துகொள்ள, இரவு டியூட்டி முடித்த ஒரு பெண் எண்ணூரிலிருந்து கிண்டிக்கு நகரத்தைக் குறுக்கே கடந்து போக வேண்டியிருக்கிறது. ஏஜெண்டோ அவள் தெருவிலேயே இருக்கிறான். அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மாதத்துக்கு ஒரு நாளாவது ஸ்டான்லி வளாகத்தில் உட்கார்ந்து ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். அரசு இதைப் பரிசீலிக்கட்டும்.