தக்கதா, வல்லதா?

பொருளியல் வகுப்பில் போட்டிச் சந்தையைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவர் எழுந்து, "வல்லவன் வாழ்வான் என்று டார்வினே சொல்லியிருக்கிறாரே, ஐயா" என்பார். நலிந்த தொழிலுக்கு அரசு ஏன் கைகொடுக்க வேண்டும் என்ற கேள்வியே அக்கூற்றின் உட்பொருள். என் ஆசிரியப் பணிக் காலம் முழுவதும் இதைக் கேட்டிருக்கிறேன். இதில் இரண்டு பிழைகள் உள்ளன. அத்தொடரை ஆக்கியவர் டார்வின் அல்லர். அதன் பொருளும் அதுவன்று.

ஆங்கிலத்தில் 'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்' எனப்படும் அத்தொடர், 1859-இல் வெளிவந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் பதிப்பில் இல்லை. 1864-இல் தமது உயிரியல் நூலில் அதை எழுதியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். இவர் 1848 முதல் 1853 வரை லண்டன் 'எகனாமிஸ்ட்' இதழின் துணை ஆசிரியராக இருந்தவர். வணிகத்திலும் சமூக வாழ்விலும் அரசு தலையிடலாகாது என்று வாதிட்டவர்.

டார்வின் பயன்படுத்திய தொடர் 'இயற்கைத் தேர்வு'. தேர்வு என்றதும், தேர்ந்தெடுப்பவர் ஒருவர் இருப்பதாகப் பலர் எண்ணிக்கொண்டனர். எனவே, இயற்கைத் தேர்வைத் தனித்தே கண்டறிந்தவரான ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், ஸ்பென்சரின் தொடரை ஏற்குமாறு 1866-இல் டார்வினுக்குக் கடிதம் எழுதினார். 1869-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் டார்வின் அதைச் சேர்த்துக்கொண்டார். ஒரு தவறான புரிதலை நீக்க வந்த தொடர், அதைவிடப் பெரிய வேறொன்றுக்கு வழிவகுத்தது.

டார்வின் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று இதைத் தெளிவாக்கும். அட்லாண்டிக் கடலில் உள்ள மடைரா தீவுகளில் அன்று அறியப்பட்டிருந்த 550 வண்டினங்களில் 200 இனங்கள் பறக்க இயலாதவை. நன்கு பறந்தவற்றைக் காற்று கடலுக்குள் அடித்துச் சென்றிருக்க, சிறகு குன்றியவை தரையில் ஒதுங்கிப் பிழைத்தன என்று அவர் விளக்கினார். இங்கே எஞ்சியது வல்லதன்று. அந்தச் சூழலுக்குத் தக்கது. தமிழில் சிலர் எழுதும் 'தக்கன பிழைத்தல்' என்பதே சரியான ஆக்கம். நம் நாவில் நிலைத்ததோ 'வல்லவன் வாழ்வான்'.

பொருளியல் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. மக்கள்தொகை உணவு உற்பத்தியைவிட விரைந்து பெருகும் என்று 1798-இல் வாதிட்ட மால்தஸின் நூலை, 1838-இல் டார்வின் படித்தார். வாழ்க்கைப் போராட்டம் பற்றிய அவரது சிந்தனைக்கு அது தூண்டுகோலாயிற்று. ஆக, பொருளியலிலிருந்து உயிரியலுக்குச் சென்ற கருத்து, ஸ்பென்சரின் தொடரை அணிந்துகொண்டு, இயற்கையின் விதி என்ற பெயரில் பொருளியலுக்கே திரும்பி வந்தது. நம் வாதத்துக்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இந்தப் பயணத்தை மறந்துவிடுகின்றனர்.

'பரிணாமம்' என்ற சொல்லும் ஆராயத்தக்கது. பால் தயிராவது போல ஒரு பொருள் உருமாறுவதைக் குறிக்க இந்திய மெய்யியல் ஆண்ட வடசொல் அது. அந்தப் பழைய பொருளை மனத்தில் கொண்டால், 'குரங்கு மனிதனாக மாறியதை யார் பார்த்தார்கள்?' என்ற கேள்வி எளிதில் எழும். 2018-இல் மத்திய இணையமைச்சர் ஒருவரே அவ்வாறு பேசினார். ஆனால், உயிரியல் கூறும் மாற்றம் ஒரு தனி உயிருக்கு நேர்வதன்று; தலைமுறை தலைமுறையாக ஓர் உயிர்க்கூட்டத்தில் நிகழ்வது. இன்றைய குரங்கு நமக்கு மூதாதை அன்று. அதற்கும் நமக்கும் பொது மூதாதை உண்டு என்பதே அறிவியலின் கூற்று. 'படிமலர்ச்சி' என்றாலோ கீழிருந்து மேலேறும் ஏணி நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'கூர்ப்பு' என்கின்றன.

'டார்வின் கொள்கை' என்று எழுதுவதும் குழப்பம் தருவதே. கட்சிக்குக் கொள்கை உண்டு. பிடித்தால் ஏற்கலாம், இல்லையேல் மறுக்கலாம். அறிவியலில் சோதனைக்கு முன் வைக்கும் ஊகம் கருதுகோள். சான்றுகளால் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டு நிற்பது கோட்பாடு. தமிழில் இவ்விரு சொற்களும் தனித்தனியே இருக்கையில், 'அது வெறும் தியரிதானே' என்று ஒதுக்குவதற்கு இடமே இல்லை.

சொற்பிழைக்கு மனிதர்கள் விலை கொடுத்ததும் உண்டு. டார்வினின் உறவினரான ஃபிரான்சிஸ் கால்டன் 1883-இல் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். மனித இனத்தை மேம்படுத்துவதாகக் கூறி, அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907-இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. யார் 'தகுதியற்றவர்' என்பதை அங்கே இயற்கை முடிவு செய்யவில்லை; அதிகாரத்தில் இருந்தவர்கள் முடிவு செய்தனர்.

என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலிருந்து 2023-இல் பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது நீடிக்கிறது என்பது உண்மை. ஆனால், நாளைய வணிகர், வழக்குரைஞர், பொருளியலாளர் ஆகியோரில் பெரும்பாலோர் அந்த வகுப்பறைக்குள் நுழையப்போவதில்லை. பாடம் இல்லாவிட்டாலும் சொற்கள் புழக்கத்தில் இருக்கும். அவற்றின் பொருளைத் தெருப்பேச்சிலிருந்தே அவர்கள் கற்பார்கள்.

நலிந்த தொழிலுக்கு உதவுவதா, வேண்டாமா என்பது விவாதிக்கத்தக்க கேள்விதான். செலவையும் பயனையும் கணக்கிட்டு இரு பக்கமும் வாதாடலாம். அந்த முடிவு நாம் எடுக்க வேண்டியது. அதற்கான பொறுப்பை மடைரா வண்டுகளின் மீது சுமத்துவது முறையன்று.