பார்த்தீனியம்

பார்த்தீனியம் என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பூக்குந் தாவரப் பேரினம் ஆகும். இதன் இனங்கள் அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. கன்னி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாக இப்பெயர் வந்தது. தமிழ்நாட்டில் பார்த்தீனியம் என்றாலே பெரும்பாலும் களைச்செடியான பார்த்தீனியம் ஹிஸ்டெரோஃபோரஸ் என்ற ஓர் இனத்தையே குறிக்கும்.

இந்தியாவில் பரவல்

இக்களை 1950களின் நடுப்பகுதியில் புனேயில் கண்டறியப்பட்டது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையுடன் இதன் விதைகள் வந்தன என்ற கருத்து பரவலாக உள்ளது. இன்று இது நாடு முழுவதும் காணப்படுகிறது. செஞ்சிக் கோட்டையின் இராசகிரி, கிருஷ்ணகிரி குன்றுகளைச் சூழ்ந்த நிலம் போன்ற வறண்ட வட்டாரங்களிலும், மழைக்குப் பின் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் விரைந்து முளைக்கிறது.

முளைத்த ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும். கேரட் இலை போலப் பிளவுபட்ட இலைகளும், சிறிய வெண்ணிறத் தலைமஞ்சரிகளும் இதன் அடையாளங்கள். ஒரு செடி 15,000க்கும் மேற்பட்ட விதைகளைத் தரக்கூடும். மண்ணில் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும். எனவே ஒருமுறை அகற்றினால் போதும் என எண்ணுவது தவறு.

பாதிப்புகள்

இச்செடியிலுள்ள பார்த்தெனின் என்னும் வேதிப்பொருள் அருகிலுள்ள பயிர்களின் முளைப்பைத் தடுக்கிறது. தொடர்ந்து தொடுவோருக்குத் தோல் அழற்சி உண்டாகிறது. மகரந்தத்தால் மூக்கடைப்பும் மூச்சிரைப்பும் ஏற்படலாம். வெறுங்கையால் களையெடுக்கும் வேளாண் தொழிலாளரே இதனால் மிகுதியும் துன்புறுகின்றனர். கால்நடைகள் இதைத் தின்றால் பால் கசக்கும்.

கட்டுப்பாடு

பூக்கும் முன் கையுறை அணிந்து, ஈர மண்ணில் வேரோடு பிடுங்குவதே எளிய வழி. பூத்தபின் பிடுங்கினால் விதைகள் சிதறும். பயிரில்லா இடங்களில் உப்புக் கரைசல் தெளிப்பதுண்டு. விளைநிலத்துக்கு இது ஏற்றதன்று. ஆவாரை, துத்தி போன்ற செடிகளை வளர்த்து இடத்தைப் பிடித்துக்கொள்ளச் செய்வது மற்றொரு முறை.

மெக்சிக்கோவிலிருந்து கொணர்ந்த சைகோகிராம்மா பைகலராட்டா என்ற வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. அது சூரியகாந்திப் பயிரையும் தின்னும் என்ற அச்சம் பின்னர் எழுந்தது. ஆய்ந்த அரசுக் குழு அவ்வண்டு பயிருக்குப் பீடையன்று என முடிவு செய்தது. வண்டு மழைக்காலத்தில் இலைகளை மொட்டையடிக்கும். வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கிவிடும்.

குவாயுலே

இதே பேரினத்தின் குவாயுலே இயற்கை இரப்பர் தரும் பாலைநிலப் புதராகும். இரண்டாம் உலகப்போரில் மலாயாவின் இரப்பர் தோட்டங்கள் சப்பான் வசமானதும், 1942இல் அமெரிக்க அரசு இதனைப் பெருமளவில் பயிரிட்டது. போர் முடிந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. இரப்பர் மரப் பாலிலுள்ள ஒவ்வாமைப் புரதங்கள் இதில் இல்லையாதலால் மருத்துவக் கையுறைகள் செய்யவும் குவாயுலே ஏற்றதாகும்.

(பகுப்பு: சூரியகாந்திக் குடும்பம்)