வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள்: வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கு ஒரு வாடகை வீட்டு வழிகாட்டி

சிங்கப்பூரிலோ லண்டனிலோ சில வருடங்கள் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் குடும்பங்கள் வாடகை வீடு தேடும்போது முதலில் கேட்பது, "எத்தனை பெட்ரூம்? லிஃப்ட் இருக்கா? கார் நிறுத்த இடம் இருக்கா?" என்பதைத்தான். குடிவந்து ஒரு மாதம் போனபிறகுதான் வேறொரு குறை தெரியவரும். பால் வாங்க, மருந்து வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட, ரயில் பிடிக்க என எல்லாவற்றுக்கும் வண்டி எடுக்க வேண்டியிருக்கும். அங்கே தனியாகப் பள்ளிக்கு நடந்துபோன பிள்ளை, இங்கே யாராவது கூட்டிப்போகட்டும் என்று காத்திருக்கும். உடன் வந்து தங்கும் அப்பா அம்மாவின் நடமாட்டம் வாசற்படியோடு நின்றுபோகும்.

வீட்டுக்குள் பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம். ஏ.சி. போடலாம், கொசுவலை அடிக்கலாம். தெருவை மட்டும் நாம் மாற்ற முடியாது. அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன், வீட்டைச் சுற்றி நடந்து பார்ப்பதுதான் முதல் வேலை.

வெளிநாட்டில் கிடைத்த நடை வசதியும் தானாக அமைந்ததல்ல. சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் இருக்கும் பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களுக்குக் கூரை போட்ட நடைபாதைகளை அரசு திட்டமிட்டு அமைத்தது. சென்னை மாநகராட்சியும் நடப்பவர்களையும் சைக்கிளில் செல்பவர்களையும் மனதில் கொண்டு 2014-இல் தனிக் கொள்கை வகுத்தது. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. ஆனால் எல்லாப் பகுதியும் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. ஒரே ஊருக்குள், ஏன், ஒரே பின்கோடுக்குள்ளேயே நிலைமை தெருவுக்குத் தெரு மாறும். அதனால் தேர்வு நம் கையில்தான் இருக்கிறது.

முதல் படி: போனில் ஒரு வட்டம்

சராசரியாக 5 நிமிடத்தில் 400 மீட்டர், 10 நிமிடத்தில் 800 மீட்டர் நடக்கலாம். பெரியவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் 400 மீட்டரையே கணக்கில் வையுங்கள். பார்க்கப்போகும் வீட்டை மேப்பில் வைத்து, கீழே உள்ள இடங்கள் அந்தத் தூரத்துக்குள் வருகின்றனவா என்று பாருங்கள்:

- பால் பூத், மளிகை, காய்கறி, மருந்துக்கடை
- பேருந்து நிறுத்தம் அல்லது ரயில் நிலையம்
- பிள்ளைகளின் பள்ளி
- நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது ஒரு கிளினிக்
- பூங்கா, கோயில், தேவாலயம், பள்ளிவாசல், நூலகம் என உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தினமும் போக விரும்பும் ஓர் இடம்

மேப்பில் கார் படத்தை விட்டுவிட்டு, நடக்கும் மனிதர் படத்தைத் தொட்டுத் தூரம் பாருங்க. விளம்பரத்தில் 'ஸ்டேஷனிலிருந்து 500 மீட்டர்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரம். நடுவில் ரயில் பாதையோ கால்வாயோ பெரிய சாலையோ இருந்தால் அந்த 500 மீட்டர் ஒன்றரை கிலோமீட்டர் ஆகிவிடும். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு இது முக்கியம். அங்கே ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் அருகருகே ஓடுகின்றன. இரண்டுக்கும் இருபுறமும் குடியிருப்புகள் உள்ளன. உங்கள் வீடு எந்தப் பக்கம், பள்ளி எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை சுரங்கப்பாதையோ மேம்பாலப் படியோ ஏறி இறங்க வேண்டியிருந்தால், பக்கத்தில் இருப்பதும் பக்கம் ஆகாது.

எந்த மாதிரிப் பகுதி?

சென்னைப் புறநகர்களை நடப்பவரின் கண்ணால் மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

*ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த பழைய பகுதிகள்:* நங்கநல்லூர், குரோம்பேட்டை, பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர் போன்றவை. கார் பெருகுவதற்கு முன்பே வளர்ந்தவை என்பதால் கடைத்தெரு, கோயில், பள்ளி எல்லாம் நெருங்கியே இருக்கும். தெருக்கள் குறுகலானவை, நடைபாதை பல இடங்களில் இருக்காது. ஆனால் வண்டிகள் மெதுவாகப் போகும் உள்தெருக்களில் நடப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

*திட்டமிட்டு அமைத்த பகுதிகள்:* அண்ணா நகர், கே.கே. நகர், அசோக் நகர், முகப்பேர் போன்றவை. தெருக்கள் நேராக, மர நிழலோடு இருக்கும், பூங்காக்களும் உண்டு. வாடகை கூடுதல்.

*அடுக்குமாடி வளாகங்கள் நிறைந்த புதிய பகுதிகள்:* பழைய மகாபலிபுரம் சாலையும் அதைச் சேர்ந்த உட்பகுதிகளும். வளாகத்துக்குள் நடைபாதை, நீச்சல் குளம் எல்லாம் பிரமாதமாக இருக்கும். கேட்டைத் தாண்டினால் நிலைமை மாறும். பல இடங்களில் பேருந்து நிறுத்தத்துக்குப் போகவே அகலமான சாலையைக் கடக்க வேண்டும். அலுவலகம் பக்கத்தில் இருந்தால் இது சரியான தேர்வாக இருக்கலாம். வண்டி ஓட்டாதவர்கள் வீட்டில் இருந்தால் ரெண்டு தடவை யோசியுங்க.

"இங்கே மெட்ரோ வருது சார், அதான் வாடகை ஜாஸ்தி" என்று புரோக்கர்கள் சொல்வாங்க. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி, கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் என மூன்று வழித்தடங்கள் உள்ளன. நீங்கள் பார்க்கும் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் ரயில் இன்று நிற்கிறதா என்பதே கேள்வி. 11 மாத ஒப்பந்தத்துக்கு, இன்று ஓடும் ரயிலை வைத்துத்தான் வாடகை பேச வேண்டும்.

இரண்டாம் படி: நாலு நேரம் நடந்து பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். அதனால் இந்த நாலு நேரத்திலும் ஒருமுறை நடந்துவிடுங்கள்.

*காலை 8 மணி:* பள்ளி நேரம். பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்க முடிகிறதா? சிக்னல், வேகத்தடை ஏதாவது உண்டா?

*பகல் 1 மணி:* நிழல் இருக்கிறதா? சித்திரை வெயிலில் மரம் இல்லாத 800 மீட்டரைப் பெரியவர்களால் கடக்க முடியாது.

*இரவு 9 மணி:* தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா, நாய்த்தொல்லை உண்டா? வேலை முடிந்து இரவில் திரும்பும் பெண்கள் வீட்டில் இருந்தால், அவர்களே ஒருமுறை நடந்து பார்த்துச் சொல்லட்டும்.

*மழை பெய்த மறுநாள்:* இதுதான் பெரிய பரீட்சை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் தண்ணீர் சூழ்ந்தது நினைவிருக்கும். மழைக்காலத்தில் வீடு பார்க்க முடியாவிட்டால் காம்பவுண்டு சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். தெருமுனை டீக்கடையில், "அண்ணே, போன மழைக்கு இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?" என்று கேளுங்க. விளம்பரம் சொல்லாததை அவர் சொல்வார்.

நடைபாதை இருந்தால் அதன் அகலத்தையும் கவனியுங்கள். தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே நடக்கலாம் என்றால் அந்த அகலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மின்மாற்றி, நிறுத்திய பைக், உடைந்த மழைநீர் வடிகால் மூடி எனத் தடைகள் வந்து ஒவ்வொரு இருபது அடிக்கும் சாலையில் இறங்க வேண்டியிருந்தால், அது பெயருக்குத்தான் நடைபாதை.

மூன்றாம் படி: பேருந்தும் ரயிலும்

நடை எங்கே முடிகிறதோ அங்கே பொதுப் போக்குவரத்து தொடங்க வேண்டும். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்' செயலி 2025-இல் அறிமுகமானது. வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்திலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு எப்படிப் போகலாம் என்று அதில் தேடிப் பாருங்கள். பேருந்து எண் இருப்பது மட்டும் போதாது. எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் கேளுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், அந்தப் பேருந்து வரும் தெருவில் வீடு கிடைத்தால் குடும்பச் செலவிலும் மிச்சம்தான்.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். உள்ளே தள்ளி இருக்கும் வீடு ₹18,000. நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருப்பது ₹21,000. முதல் வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஆட்டோ ஒரு நடைக்கு ₹80 என்றால், போய்வர ₹160. மாதம் 25 நாளுக்கு ₹4,000. ஒருவர் வேலைக்குப் போய்வருவதிலேயே வாடகையில் மிச்சம் பிடித்த ₹3,000 கரைந்து, மேற்கொண்டு ₹1,000 கைவிட்டுப் போகிறது.

நான்காம் படி: தண்ணீர், மின்சாரம், உள்ளாட்சி

மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 'சென்னை' என்று முகவரியில் இருப்பதெல்லாம் பெருநகர சென்னை மாநகராட்சி அல்ல. ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் தனி மாநகராட்சிகள் ஆயின. தெருவிளக்கு, குப்பை, சாலைப் பள்ளம் பற்றிச் சென்னை மாநகராட்சியில் புகார் செய்ய 1913. மற்ற பகுதியினர் தங்கள் உள்ளாட்சி அலுவலக எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100 எல்லோருக்கும் பொது.

குழாய்த் தண்ணீரா, போர்வெல்லா, லாரியா? பாதாளச் சாக்கடை இணைப்பா, செப்டிக் டேங்கா? இந்த இரண்டு கேள்வியையும் வீட்டுக்காரரிடம் மட்டுமல்ல, பக்கத்து வீட்டிலும் கேளுங்க. மின்சாரத்துக்கு உங்கள் போர்ஷனுக்கென்று தனி மின் இணைப்பு இருக்க வேண்டும். அப்போதுதான் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை நேராக உங்கள் பில்லில் தெரியும். மின்சாரப் புகார்களுக்கு 'மின்னகம்' எண் 94987 94987.

ஐந்தாம் படி: பணமும் ஒப்பந்தமும்

வெளிநாட்டில் இருந்துகொண்டே டோக்கன் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். ராணுவத்தில் வேலை, வெளியூர் மாற்றல் என்று சொல்லி, பிறர் வீட்டுப் படங்களைப் போட்டுப் பணம் பறிக்கும் கும்பல்கள் உண்டு. வந்திறங்கிய முதல் சில வாரங்கள் உறவினர் வீட்டிலோ தற்காலிக அறையிலோ தங்கி, நேரில் பார்த்து முடிவு செய்வதே பாதுகாப்பு. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. நீங்கள் வெளிநாட்டில் இருந்த காலத்தில் வந்த மாற்றம் என்பதால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்:

- ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.
- அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது பொது விதி. ஆனால் நீங்களே ஒப்பந்தத்தில் வேறு தொகைக்குச் சம்மதித்தால் அதுவே செல்லும். பழைய பழக்கத்தில் "பத்து மாசம் அட்வான்ஸ்" என்று கேட்டால், கையெழுத்துக்கு முன்பே பேசிக் குறையுங்கள்.
- வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தபின், நியாயமான பிடித்தங்கள் போக அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் திரும்ப வர வேண்டும்.
- தகராறு வந்தாலும் தண்ணீர், மின்சாரத்தை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

பதிவு செய்த ஒப்பந்தம் முகவரிச் சான்றாகவும் உதவும். ஆதார், வங்கி, கேஸ் இணைப்பு என ஊர் திரும்பியவர்களுக்கு முதல் மாதத்தில் அதிகம் தேவைப்படும் காகிதம் இதுதான். அதனால் "பதிவெல்லாம் எதுக்குங்க?" என்று வீட்டுக்காரர் தயங்கினால், இருவருக்கும் அது பாதுகாப்பு என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு பார்வை

1. பால், மருந்து, பேருந்து மூன்றும் 10 நிமிட நடைக்குள் இருக்கின்றனவா?
2. காலை, பகல், இரவு, மழைக்குப் பின் என நாலு நேரமும் நடந்து பார்த்தாயிற்றா?
3. வீட்டில் வண்டி ஓட்டாத ஒருவர் தனியாக வெளியே போய்த் திரும்ப முடியுமா?
4. தண்ணீர், சாக்கடை, தனி மின் இணைப்பு விசாரித்தாயிற்றா?
5. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய உரிமையாளர் சம்மதித்தாரா?

ஐந்தில் மூன்றாவது கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த தெருவில் இன்னொரு வீடு பாருங்கள். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போகிறவர் பெரும்பாலும் அவர்தான்.