எரிந்த வீதியில் எழுந்த புத்தகசாலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகரமாகிய வாஷிங்டனுக்குச் செல்வோர் ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையையும் காங்கிரஸ் மண்டபத்தையும் கண்டு களித்துத் திரும்புவது வழக்கம். வெள்ளை மாளிகைக்கு வடக்கே இரண்டு மைலுக்குட்பட்ட தூரத்தில், 14-ஆம் வீதியும் ‘வி’ வீதியும் கூடுமிடத்தில், ஒரு கடை இருக்கிறது. அதனை நாடிச் செல்லும் பிரயாணிகள் சிலரே. எனினும் அரசியலில் சிரத்தையுள்ளோர் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய கடை அது. அங்கே புத்தகங்கள் விற்கிறார்கள், உணவு படைக்கிறார்கள், மதுவும் வழங்குகிறார்கள், இவற்றோடு கூட்டம் கூடுவதற்கென்று ஓர் அறையும் வைத்திருக்கிறார்கள். கவிதை படிப்போரும், நூலாசிரியரும், யுத்தத்தை எதிர்ப்போரும், தொழிலாளர் கட்சி பேசுவோரும் அவ்வறையில் கூடுகின்றனர். 2005-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட இக்கடைக்கு ‘பஸ்பாய்ஸ் அண்டு போயட்ஸ்’ என்று பெயர். எச்சில் மேசை துடைக்கும் பையன்களும் கவிகளும் என்பது அதன் பொருள்.

புத்தகக் கடையோடு மதுக்கடையைச் சேர்ப்பதா என்று நம் நேயர்களிற் பலர் முகஞ்சுளிப்பர். அவர்களுடைய ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அதற்குப் பின்னர் வருவோம். முதலில் இக்கடை எந்த மண்ணில் முளைத்தது என்பதைப் பார்ப்போம்.

தள்ளப்பட்டோர் கட்டிய வீதி

14-ஆம் வீதிக்குக் குறுக்கே ஓடுவது ‘யூ’ வீதி. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வாஷிங்டனில் நிறவெறி கோலோச்சியது. வெள்ளையருடைய உணவுச்சாலைகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் ஹோட்டல்களிலும் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. வாசலில் நின்று கெஞ்சுவதை விட்டு, அம்மக்கள் தமக்கென ஒரு நகரத்தையே யூ வீதியில் நிர்மாணித்துக் கொண்டனர். 1910-இல் ஹோவார்டு நாடகசாலையும் 1922-இல் லிங்கன் நாடகசாலையும் தோன்றின. 1913-இல் ஜான் விட்லா லூயிஸ் என்பவர் கறுப்பின மக்களின் சேமிப்பைக் கொண்டே ஒரு பாங்கியை ஏற்படுத்தினார். 1919-இல் அவரே, தம்மினத்தாரிடம் பங்குகள் விற்றுத் திரட்டிய முதலைக் கொண்டு, விட்லா ஹோட்டலைக் கட்டி முடித்தார். கட்டிடத்துக்குத் திட்டம் வகுத்தவரும் கறுப்பரே. சங்கீத மேதை ட்யூக் எல்லிங்டன் வளர்ந்தது இச்சுற்றுப்புறத்திலேதான். வேறு தேசத்தில் நடந்ததாயினும் இது சுதேசி முயற்சியே என்பதில் ஐயமில்லை.

இவ்வீதிக்கு அருகேயுள்ள ஹோவார்டு சர்வகலாசாலைக்கும் நம் தேசத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதன் பிரார்த்தனை ஆலயத் தலைவராயிருந்த ஹோவார்டு தர்மன் 1936-இல் பர்தோலிக்கு வந்து காந்தியடிகளைக் கண்டு உரையாடினார். அச்சர்வகலாசாலையின் தலைவர் மார்டிகாய் ஜான்ஸன் இந்தியாவுக்கு வந்து திரும்பியபின், பிலடெல்பியாவில் காந்தியடிகளைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். அதைக் கேட்டுச் சத்தியாக்கிரகத்தின்பால் உள்ளம் பறிகொடுத்த இளைஞரே பிற்காலத்தில் உலகறிந்த மார்ட்டின் லூதர் கிங்.

14-ஆம் வீதிக்கும் உணவுச்சாலைக்கும் பழைய வழக்கு ஒன்றும் உண்டு. அதே வீதியின் தென்பகுதியிலிருந்த ஓர் உணவுச்சாலையில், 1950-இல், எண்பத்தாறு வயது நிரம்பிய மேரி சர்ச் டெரல் என்ற மாது தம் தோழர்களுடன் சென்று உணவு கேட்டார். நிறத்தைக் காட்டி அவர்களுக்கு உணவு மறுக்கப்பட்டது. அந்த அம்மையார் ஓயவில்லை. நிறபேதம் பாராது உணவளிக்க வேண்டுமென்று 1872-லும் 1873-லும் செய்யப்பட்டு, ஏட்டிலே உறங்கிக் கிடந்த சட்டங்களை எடுத்துக்காட்டி வழக்காடினார்கள். அச்சட்டங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று 1953-இல் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உணவு மேசை அரசியல் களமாகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நெருப்பும் நெடுந்துயிலும்

1968-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ஆம் தேதி மெம்பிஸ் நகரத்தில் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். செய்தி எட்டிய அன்றிரவே 14-ஆம் வீதியும் யூ வீதியும் சந்திக்குமிடத்தில் ஜனங்களின் துக்கம் கோபமாக வெடித்தது. கடைகள் எரிந்தன. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட துருப்புகள் நகரத்துக்குள் வந்திறங்கின. நெருப்பு சில நாட்களில் அணைந்தது. அதன் விளைவோ ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது. வசதியுள்ளோர் வெளியேறினர், வியாபாரம் க்ஷீணித்தது, இடிந்த சுவர்களும் காலி மனைகளும் எஞ்சின. 1950-இல் எட்டு லட்சத்துக்கு மேலிருந்த வாஷிங்டனின் ஜனத்தொகை 2000-இல் 5,72,000 ஆகக் குறைந்தது.

1986-இல் அச்சந்தியில் நகராட்சி ஒரு பெரிய காரியாலயத்தைக் கட்டியது. பின்னர் பூமிக்கடியில் ரயில்பாதை அமைப்பதற்காக யூ வீதியை வெட்டிப் போட்டார்கள். அதனால் எஞ்சியிருந்த சிறு கடைக்காரர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 1991-இல் ரயில் நிலையம் திறந்தது. அதன்பிறகே ஜனங்கள் மெல்ல மெல்லத் திரும்பினர். அத்திரும்புகாலத்தில் பிறந்ததே நாம் குறிப்பிட்ட புத்தகசாலை.

பெயரின் வரலாறு

கடையை ஏற்படுத்தியவர் ஆண்டி ஷல்லால். பக்தாத் நகரத்தில் பிறந்து, பாலகனாக அமெரிக்கா சேர்ந்தவர்; சித்திரக்காரர்; தம் பிறந்த நாட்டின்மீது அமெரிக்கா தொடுத்த யுத்தத்தை வெளிப்படையாகக் கண்டித்தவர். கடைக்குப் பெயர் சூட்ட அவர் நினைவு கூர்ந்தது கவி லாங்ஸ்டன் ஹ்யூஸை. 1925-இல் ஹ்யூஸ் வாஷிங்டனிலுள்ள வார்ட்மன் பார்க் ஹோட்டலில் மேசை துடைக்கும் வேலையில் இருந்தார். வேச்சல் லிண்ட்ஸே என்ற பிரசித்தி பெற்ற வெள்ளைக் கவி அங்கே தங்க வந்தார். அவர் உணவருந்தும் மேசையில் தம் கவிதைகள் மூன்றை வைத்துவிட்டு ஹ்யூஸ் நழுவிவிட்டார். அன்றிரவு லிண்ட்ஸே தமது சபையில் அக்கவிதைகளையும் படித்துக் காட்டினார். மறுநாள் பத்திரிகைகள் மேசை துடைக்கும் பையனைத் தேடி வந்தன.

இக்கதையில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வெள்ளைக் கவி கண்டெடுத்ததால் ஹ்யூஸ் கவியானார் என்று சிலர் சொல்வது பிழை. அதற்கு முன்னரே அவர் பத்திரிகைகளில் எழுதியவர், பரிசும் பெற்றவர், 1926-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலுக்கும் முன்பே ஏற்பாடாகியிருந்தது. திறமை இருந்தது, அவரைச் சரிசமானமாக உட்காரவைத்துக் கேட்க ஒரு சபைதான் அவ்வூரில் இல்லாமலிருந்தது. மேசை துடைப்பவனும் கவி பாடுபவனும் ஒருவனே என்று ஏற்று, அவனுக்கு நாற்காலி போடும் சபை வேண்டும். அதுவே இப்பெயரின் தாத்பரியம்.

மதுவும் கணக்கும்

இனி ஆட்சேபத்துக்கு வருவோம். மதுவினால் ஏழைக் குடும்பங்கள் அழிவதை நாம் அறிவோம். அதனைப் புகழ்ந்துரைக்க நாம் முன்வரவில்லை. அமெரிக்காவும் 1920 முதல் 1933 வரை தேசமெங்கும் மதுவிலக்கை அமுல் நடத்திப் பார்த்து, பின்னர் கைவிட்டது. இன்று அங்கே மது சட்டப்படி விற்கும் பொருள். புத்தகக் கடைக்காரர் அதனை நாடுவதன் காரணம் கணக்கிலே இருக்கிறது.

அந்நாட்டில் ஒரு நூலின் விலையில் கடைக்காரருக்கு நிற்பது சுமார் நூற்றுக்கு நாற்பது. அதிலிருந்து வாடகை, சம்பளம், விளக்குச் செலவு, வரி எல்லாம் போக மிஞ்சுவது அற்பம். நூலின் விலையையோ பிரசுரகர்த்தரே அட்டையில் அச்சிட்டு விடுகிறார். வாடகை ஏறினால் கடைக்காரர் தாமாக விலையை ஏற்ற வழியில்லை. கிண்ணம் கிண்ணமாக விற்கும் மதுவிலும், ஏன், காப்பியிலுங்கூட, அடக்கவிலையைப்போல் மும்மடங்கு நாலுமடங்கு வருமானம் உண்டு. ஆகவே மேசை சம்பாதிக்கிறது; அலமாரி பிழைக்கிறது. அதே நகரத்தில் 1976-இல் திறக்கப்பட்ட ‘கிராமர்புக்ஸ்’ என்ற புத்தகசாலை இவ்வழியை முன்னரே காட்டியது. 1998-இல், ஒரு பெண்மணி தன்னிடம் என்னென்ன நூல்கள் வாங்கினாள் என்ற விவரத்தை அரசாங்க விசாரணை வழக்கறிஞர் கேட்டபோது, வாசகரின் அந்தரங்கம் புனிதமானதென்று நீதிமன்றத்தில் எதிர்த்து நின்ற கடை அது. சொந்த வருமானத்தில் காலூன்றிய கடைக்குத்தான் அத்தகைய முதுகெலும்பு இருத்தல் கூடும்.

ஆயினும் இவ்வேற்பாட்டில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. எது சம்பாதிக்கிறதோ அது இடம் கேட்கும். இவ்வருஷம் ஓர் அலமாரியை நகர்த்தி இரண்டு மேசை போடுவர். மறுவருஷம் இன்னும் இரண்டு. முடிவில் புத்தகங்கள் சுவருக்கு அலங்காரமாகி, மதுக்கடை ஒன்றே எஞ்சும். 14-ஆம் வீதிக் கடையினர் ஆரம்பத்தில் இதற்கு ஒரு பரிகாரம் செய்தனர். புத்தகப் பகுதியைத் தாம் நடத்தாமல், ‘டீச்சிங் ஃபார் சேஞ்ச்’ என்ற லாபநோக்கமற்ற கல்வி ஸ்தாபனத்தின் வசம் ஒப்புவித்தனர். எந்த நூலை வைப்பது என்பதை மது விற்பவர் தீர்மானிக்கவில்லை. குழந்தைகளின் கல்வியில் கருத்துள்ளோர் தீர்மானித்தனர். இம்முறை விவேகமானது.

யாருடைய மறுமலர்ச்சி?

மதுவைவிடப் பெரிய கேள்வி வேறொன்றுண்டு. வீதி பிழைத்தது, வீதியில் இருந்தோர் பிழைத்தனரா? புத்தகசாலை அமைந்த கட்டிடம் புதிதாக எழுந்த ஓர் அடுக்குமாடி. அதற்கும் லாங்ஸ்டனின் பெயரையே சூட்டினார்கள். மேசை துடைத்து வயிறு வளர்த்த கவியின் பெயர் தாங்கிய அம்மாடியில், மேசை துடைக்கும் பையன் இன்று குடியிருக்க இயலுமா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். 1970-இல் வாஷிங்டன் வாசிகளில் நூற்றுக்கு 71 பேர் கறுப்பின மக்கள். 2020-இல் அது 41 ஆயிற்று. ஜனத்தொகையோ 2000-க்குப் பிறகு ஏறி 6,89,000-ஐத் தாண்டியது. நகரம் நிரம்புகிறது, நகரத்தைக் கட்டியவர் குறைகின்றனர்.

2019-இல் நடந்த ஒரு சம்பவம் இதனை நன்கு விளக்கும். யூ வீதிக்குச் சற்றுக் கிழக்கே ஒரு கைபேசிக் கடையின் வாசலில் ‘கோ-கோ’ என்னும் அவ்வூர்ச் சங்கீதம் பல வருஷங்களாக ஒலித்து வந்தது. அருகில் எழுந்த புதுமாடியிலிருந்து புகார் வந்தது, சங்கீதம் நிறுத்தப்பட்டது. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் திரண்டு, ஆடியும் பாடியும் ஆட்சேபித்தனர். சங்கீதம் மீண்டும் ஒலித்தது. 1920-களின் சங்கீதத்தைச் சுவரில் சித்திரமாக எழுதி ரசிக்கும் புதுக்குடிகளுக்கு, உயிரோடிருக்கும் சங்கீதம் இரைச்சலாகப் பட்டது போலும்! 2020-இல் ‘கோ-கோ’ அந்நகரத்தின் அதிகாரபூர்வமான சங்கீதமெனச் சட்டமும் இயற்றப்பட்டது.

இதற்கெல்லாம் புத்தகசாலை பொறுப்பென்று நாம் கூறோம். அது வாடகையை உயர்த்துவதில்லை. ஆனால் நல்ல புத்தகசாலையும் விளக்கொளி வீசும் உணவுச்சாலையும் உள்ள வீதியில் வீடு தேடுவோர் பெருகுவர். வீட்டுக்காரர் அதனைக் கணக்கிலெடுத்துக் கொள்வர். நன்மை செய்யப் புகுந்தோர் அறியாமலே பிறருடைய வெளியேற்றத்துக்குத் துணையாகிவிடுகின்றனர். இதனை ஒப்புக்கொள்ளாத மறுமலர்ச்சிப் பேச்சு வெறும் பேச்சே.

பரிகாரம் உண்டா? உண்டு, அதுவும் அச்சுற்றுப்புறத்திலேயே இருக்கிறது. பங்கு திரட்டிக் கட்டினார்களே, அந்த விட்லா ஹோட்டல் பிற்காலத்தில் பாழடைந்து மூடப்பட்டது. லாபநோக்கமற்ற ஸ்தாபனம் ஒன்று அதனைப் பெற்று, 1992-இல், குறைந்த வருமானமுள்ளோர் வசிக்கத்தக்க வீடுகளாகப் புதுப்பித்தது. கட்டிடம் விற்பனைச் சரக்காகாமல் காக்கப்பட்டால் ஏழைகளும் மறுமலர்ச்சியின் நிழலில் இருக்கலாம் என்பதற்கு அது கண்கண்ட சான்று.

பாழ்பட்ட கடைவீதியில் புத்தகசாலையும் மன்றமும் திறக்க முற்படுவோர் எந்நாட்டினராயினும் மூன்று விஷயங்களை உள்ளத்திற் கொள்ளல் வேண்டும். அலமாரிக்கென ஒதுக்கிய இடம் ஓர் அடியும் குறையலாகாது. ஒரு கோப்பைக் காப்பிக்குக் காசுள்ளவன் மாலை முழுவதும் அமர்ந்து படிக்கவும் பேசவும் உரிமை பெற்றிருத்தல் வேண்டும். மன்றத்துக்கு நிலையான இடம் தேடும்போதே, அவ்வீதிவாசிகளின் வீடுகளுக்கும் நிலையான பாதுகாப்புத் தேடல் வேண்டும். முதலிரண்டையும் ஒரு வியாபாரி செய்துவிடலாம். மூன்றாவது வியாபாரியால் ஆகாது. நகராட்சியாலும், சங்கங்களாலும், ஒன்றுபட்ட பிரஜைகளாலுமே ஆகும். புத்தகசாலையின் பின்னறையில் கூடுவோர் முதலில் விவாதிக்க வேண்டிய விஷயம் இதுவே. அங்கே கூடிப் பேசிவிட்டு எழுந்து போய், அடுத்த வீட்டான் வெளியேற்றப்படும்போது வாசலில் நிற்காதவர்களுக்கு அம்மன்றத்தினால் பயனில்லை. அம்மன்றத்துக்கு அவர்களாலும் பயனில்லை.