ஒரு சிலந்திக்குப் பெயர் சூட்டுதல்



பழவேற்காடு ஏரியிலுள்ள எங்கள் பசியாவரத்தில் வலையைப் பற்றி எவருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கண்ணியின் அளவைக் கண்ட மாத்திரத்தில், இது இறாலுக்கு, இது மடவைக்கு என்று சிறுவனும் சொல்லிவிடுவான். அதே சிறுவனுக்குக் கூரையோரத்து வலையைக் காட்டி, இதைக் கட்டியவர் யார் என்று வினவினால், "சிலந்தி" என்பான். "எந்தச் சிலந்தி?" என்று மேலும் கேட்டால், "எட்டுக்கால் பூச்சிதான், ஐயா" என்று முடித்துவிடுவான். பூச்சிக்குக் கால்கள் ஆறே. சிலந்தி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. அது நிற்க. நமக்கு அண்மையிலுள்ள திருக்காளத்தித் தலத்தின் பெயரிலேயே 'ஸ்ரீ' என்பது சிலந்தியைக் குறிப்பதாகத் தலபுராணம் கூறும். அத்தனை பெருமை அளித்த நாம், அதன் வகைகளைப் பிரித்துப் பெயரிட்டோமா என்றால், அதிகம் இல்லை.

உலகச் சிலந்திப் பட்டியல் ஒன்றைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகம் பேணி வருகிறது. அதில் 50,000-ஆவது இனம் 2022-ஆம் ஆண்டில் பதிவாயிற்று. பெயர் பெறாதவை இன்னும் ஏராளமாக உள்ளன. அவற்றுட் பல மலைக்காடுகளின் பாசியிலும் சருகிலும் சிறு வலை கட்டி வாழும் நுண்ணுடலிகள். சமோவாத் தீவிலிருந்து 1959-இல் ஃபார்ஸ்டர் என்னும் அறிஞர் விவரித்த 'பாட்டு மார்ப்ளெசி' என்னும் சிலந்தியின் ஆண் 0.43 மில்லிமீட்டர் நீளமே உடையது. எழுத்தின் மேல் இடும் புள்ளி அளவுதான். அத்தகைய உயிரைப் 'புதியது' என்று எப்படித் துணிந்து சொல்வது? இன்று நான் விளக்க விரும்புவது இதுவே.

நமக்கு அருகிலுள்ள ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இலங்கையின் கண்டி மலைநாட்டில், பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பை 1849 முதல் ஏற்றிருந்தவர் துவைட்ஸ் என்பவர். அவரது துறை செடிகொடிகள். ஆயினும் சிலந்திகளையும் சேகரித்து, இங்கிலாந்தில் பிளாக்ஸ்வர்த் என்னும் சிற்றூரின் பாதிரியாராயிருந்த பிக்கார்டு கேம்பிரிட்ஜுக்கு அனுப்பி வந்தார். பாதிரியார் இலங்கைக் காட்டை மிதித்தவரல்லர். மேசை மேலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியே அவருடைய காடு. வலை பின்னும் சிறு சிலந்தி ஒன்றுக்கு 1881-இல் அவர் 'துவைட்ஸியா மார்கரிட்டிஃபெரா' என்று பெயரிட்டார். முற்பாதி நண்பருக்குச் செய்த மரியாதை. பிற்பாதிக்கு 'முத்துடையது' என்று பொருள். சில மில்லிமீட்டரே அளவுள்ள அதன் வயிற்றில் முத்துப்போல் ஒளிரும் திட்டுகள் உள்ளன. உணவின் கழிவாகிய குவானின் என்னும் பொருள் தோலுக்கடியில் பளிங்குத் துகள்களாகப் படிந்து ஒளியைத் திருப்புவதே அந்த மினுமினுப்பு. கழிவையும் அணிகலனாக்கிக் கொள்ளும் சிக்கனத்தை என்னவென்பது!

ஆனால் இந்த அழகை நம்பி இனத்தை முடிவு செய்யலாகாது. எரிசாராயத்தில் இட்ட சிலந்தியின் நிறம் காலப்போக்கில் மங்கிவிடும். உயிரோடிருக்கும்போதே ஒரே இனத்துள் நிறம் வேறுபடுவதும் உண்டு. எனவே ஆராய்ச்சியாளர் நோக்குவது இனப்பெருக்க உறுப்புகளையே. ஆண் சிலந்தியின் முகத்தருகே இரு சிறு கைகள் போன்ற உறுப்புகள் உள்ளன; அவற்றின் நுனி குமிழ்போல் பருத்து, முள்ளும் சுருளுமாய் அமைந்திருக்கும். பெண்ணின் வயிற்றடியில் அதற்கு இசைந்த ஒரு தகடு உண்டு. பூட்டும் சாவியும் போல இவ்வமைப்பு இனத்துக்கு இனம் மாறுபடும். குஞ்சுகளுக்கு இவை வளர்ந்திருக்கமாட்டா. ஆதலால் முதிராத சிலந்தி எத்தனை கிடைத்தாலும், பெரும்பாலும் பெயரிடப் பயன்படாது. அரை மில்லிமீட்டர் உடம்பில் இவ்வுறுப்பைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு வளைவையும் படமாக வரைவதற்கு எத்தகைய கை வேண்டுமென்று எண்ணிப் பாருங்கள்.

படம் வரைந்தபின்னரே கடினமான வேலை தொடங்குகிறது. நெருங்கிய இனங்களைப் பற்றி முன்னோர் எழுதிய அனைத்தையும் படித்தாக வேண்டும். அவற்றுள் இலத்தீனில் எழுதியவையும் உண்டு. சிலந்திகளுக்கு மட்டும் கிளெர்க் என்னும் சுவீடன் நாட்டார் 1757-இல் வெளியிட்ட பெயர்களையும் ஏற்கவேண்டும் என்பது தனி விதி. மற்ற விலங்குகளுக்கு லின்னேயசின் 1758-ஆம் ஆண்டு நூலே தொடக்கம். ஒருவர் முன்பே பெயரிட்டதற்கு மற்றொருவர் மீண்டும் பெயரிட்டால், முதற்பெயரே நிலைக்கும். எனவே, பழைய மாதிரியைக் கண்ணால் கண்டு ஒப்பிடுதல் இன்றியமையாதது. பிக்கார்டு கேம்பிரிட்ஜின் தொகுதி ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருப்பதால், நம் பக்கத்துச் சிலந்திகளைச் சரிபார்க்கவும் அவ்வளவு தூரம் நாட வேண்டியிருக்கிறது.

புதியதென்று உறுதியானால் ஒரு சிலந்தியை 'மூல மாதிரி' என்று குறிப்பிட்டு, விவரத்தை அச்சிட்டு வெளியிடுவர். பெயர் அந்த ஒற்றை உடலையே பற்றி நிற்கும். பெயரைத் தேர்வது ஆசிரியர் விருப்பம். கருநாடக மலைக்காட்டில் காய்ந்த இலைபோல் தோன்றும் ஒரு சிலந்திக்கு, மூவர் கூடி, ஹாரி பாட்டர் கதையில் வரும் மந்திரத் தொப்பிக்கு உரியவரின் பெயரால் 'கிரிஃபிண்டோரி' என்று பெயரிட்டனர். சிலந்தியின் உருவம் அத்தொப்பியை ஒத்திருந்ததே காரணம். முதியோர் சிலர் முகஞ்சுளித்தனர். எனக்கோ அதில் குறையொன்றும் தோன்றவில்லை. பிள்ளைகள் நினைவில் நிற்கும் பெயர் நல்ல பெயரே.

நம் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக 1920 முதல் 1940 வரை விளங்கிய கிரேவ்லியும் சிலந்தி ஆராய்ந்தவர். சிலிகா ஏரியின் பர்குடா தீவிலுள்ள சிலந்திகளையும் தேள்களையும் பற்றி 1921-இல் கட்டுரை வெளியிட்டார். இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தது நம் பழவேற்காடு. ஏரித்தீவுச் சிலந்திகளும் அறிஞர் கவனத்துக்கு உரியவையே என்பதற்காக இதைச் சொன்னேன்.

மூல மாதிரி தொலைந்தால் என்னாகும்? 2018 செப்டம்பரில் பிரேசில் நாட்டுத் தேசிய அருங்காட்சியகம் தீப்பற்றியபோது, பூச்சிகளும் சிலந்திகளும் அடங்கிய பெருந்தொகுதி சாம்பலாயிற்று. அவற்றுட் சில, ஓர் இனத்தின் பெயருக்கு ஆதாரமாயிருந்த ஒரே உடல்கள். எழுதிய விவரமும் வரைந்த படமும் எஞ்சலாம். ஐயம் எழுந்தால் திரும்பப் பார்க்க உடல் இல்லை. அந்தச் சிலந்தி வாழ்ந்த காடும் வெட்டப்பட்டிருந்தால், புதிதாக ஒன்றைப் பிடித்து வைக்கவும் வழியில்லை. இந்தியாவில், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி, புதிய இனத்தைக் கண்டவர் அதன் மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். கல்கத்தாவில் 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் அளவைத் துறை அத்தகைய காப்பகங்களுள் ஒன்று. அதன் தென்மண்டல நிலையம் சென்னையில் இருக்கிறது.