தோள்பையில் ஓர் ஓவியக்கூடம்

நுழையும்முன்

நான்கு சுவர்களுக்குள் அமர்ந்து வரைவது ஒரு கலை. வெயிலும் காற்றும் வேடிக்கை பார்ப்போரும் சூழ்ந்த வெளியில் வரைவது அதனினும் சற்றே வேறான கலை. அங்கே கைத்திறனுக்கு முன்பாகச் சுமைத்திறன் சோதிக்கப்படுகிறது. எதை எடுத்துச் செல்வது, எதை வீட்டில் விட்டுச் செல்வது என்னும் தெளிவு இல்லாதவர் ஓவியத்தைத் தொடங்கும் முன்பே களைத்துப்போகிறார். குறைந்த செலவில், நம் கைக்கு எட்டும் பொருள்களைக் கொண்டே எடைகுறைந்த ஓவியக் கருவித்தொகுதி ஒன்றை அமைத்துக்கொள்ளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பன்னிரண்டு கிலோ பாடம்

ஓவியம் பயிலத் தொடங்கிய காலத்தில், மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத் தொகுதியை நேரில் பார்த்து வரைய வேண்டும் என்னும் ஆசை எனக்கு எழுந்தது. மரத்தாலான ஓவியத்தாங்கி, எண்ணெய்வண்ணப் பெட்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிப்பரப்பு, மடக்கு நாற்காலி என அன்று நான் சுமந்த பொருள்களின் எடை பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. முதலில் வந்த பேருந்தில் அவற்றோடு ஏற இயலவில்லை. இரண்டாவதில் இடம் கிடைத்தது. இறங்கியபின் இரண்டு இடங்களில் இளைப்பாறி, சிற்பத்தின் எதிரே பொருள்களைப் பரப்பத் தொடங்கியபோது மணி பதினொன்றைக் கடந்திருந்தது. அருகில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி, “என்ன தம்பி, இங்க கடை போடப் போறியா?” என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே ஐயுற்றுத்தான் கேட்டார்.

அச்சிற்பப் பாறை கிழக்கு நோக்கியது. காலைக் கதிரவன் ஏற ஏற, ஒளி மேலிருந்து சாய்வாக விழுந்து யானைகளின் வயிற்றுக்கடியிலும் முனிவர்களின் விலா எலும்புகளுக்கிடையிலும் நிழலைத் தீட்டும். நண்பகல் கடந்தால் பாறை முழுவதும் நிழலுக்குள் போய்விடும். நான் தாங்கியின் மூன்றாம் காலை நிறுத்தி, வண்ணக்குழாய்களின் மூடிகளைத் திறந்து முடிப்பதற்குள் யானைகள் தட்டையாகிவிட்டன. வரைய வந்த காட்சி என் கண்முன்னே கலைந்துபோனது. ஓவியத்தை நான் தவறவிட்டதற்குக் காரணம் என் கையின் குறை அன்று. என் மூட்டையின் கனம்.

ஒளி காத்திருப்பதில்லை

புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. அதனால் வானில் கதிரவனின் இடமும் அதே அளவு மாறுகிறது. காலை எட்டு மணிக்கு ஒரு தூணின் இடப்புறம் நீண்டு கிடந்த நிழல், பத்து மணிக்குள் குறுகித் திசையும் மாறிவிடும். எனவே வெளியில் வரைபவருக்கு ஒரு காட்சிக்காகக் கிடைக்கும் பொழுது ஏறத்தாழ இரண்டு மணி நேரமே. அதில் அரைமணியைக் கருவிகளை விரிப்பதில் செலவிட்டால் கால்பங்கு ஒளி வீணாகிறது. எடையைக் குறைப்பது உடலுக்கு ஓய்வு தருவதற்காக மட்டுமன்று. கண்ணுக்குக் காலம் ஈட்டித் தருவதற்காகவும்தான்.

சுமை குறைந்த வரலாறு

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1792ஆம் ஆண்டு தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கிலேய ஓவியர் இருவர் சென்னையிலிருந்து தென்னாட்டுக்குப் பயணம் மேற்கொண்டு கோயில்களையும் மலைக்கோட்டைகளையும் வரைந்தனர். பல்லக்குகளும் சுமையாட்களும் கொண்ட பரிவாரமே அவர்களுடன் சென்றது. அத்தகைய வசதி எல்லா ஓவியர்க்கும் வாய்ப்பதில்லை அல்லவா?

எண்ணெய்வண்ணத்தை வெளியே கொண்டுசெல்வது அக்காலத்தில் பெருந்தொல்லை. அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து நூலால் கட்டி வைப்பர். வேண்டியபோது அதில் துளையிட்டுப் பிதுக்கி எடுப்பர். துளையை மீண்டும் செம்மையாக அடைக்க முடியாது. எஞ்சிய வண்ணம் உலர்ந்துபோகும். 1841இல் ஜான் காஃப் ரேண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், பிதுக்கி மூடத்தக்க தகரக்குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். இன்று பற்பசைக்கு நாம் பயன்படுத்தும் குழாயின் முன்னோடி அதுவே. அடுத்த தலைமுறையைச் சார்ந்த பிரெஞ்சு ஓவியர்கள் ஆற்றங்கரைகளிலும் வயல்வெளிகளிலும் நின்று எண்ணெய்வண்ணத்தில் வரைந்ததற்கு அச்சிறு குழாய் பெருந்துணை செய்தது. அவர்களுள் ஒருவரான குளோட் மோனே ஒரு படகையே மிதக்கும் ஓவியக்கூடமாக அமைத்துக்கொண்டார். 1870இல் அவர் கடற்கரையில் இருந்து வரைந்த ஓர் ஓவியத்தின் வண்ணப்பூச்சில் மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டிருப்பதை இன்றும் காணலாம்.

எனினும் நான் பெரிதும் வியப்பது ஆங்கில ஓவியர் டர்னரின் எளிமையை. அவருடையதாகப் பாதுகாக்கப்பட்டுவரும் பயண வண்ணப்பேழை, பழைய ஆண்டுக் குறிப்பேடு ஒன்றின் தோலுறை. அதன் உட்புறத்தில் நீர்வண்ணக் கட்டிகளை ஒட்டிவைத்திருந்தார். மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். நாமும் அவ்வழியிலேயே செல்லவிருக்கிறோம்.

எந்த வண்ணம்?

எண்ணெய்வண்ணம் உலர நாள்கள் ஆகும். ஈர ஓவியத்தை மற்றொன்றின்மீது அடுக்க இயலாது. அதற்கு வேண்டிய டர்பன்டைன் எளிதில் தீப்பற்றக்கூடியது. பேருந்திலோ தொடர்வண்டியிலோ எடுத்துச் செல்லத் தக்கதன்று. அக்ரிலிக் வண்ணம் நம் வெயிலில் கலவைத்தட்டிலேயே இறுகிவிடும். நீர்வண்ணமோ கட்டியாக உலர்ந்திருந்தாலும் ஒரு துளி நீர் பட்டதும் உயிர்பெறும். ஆகவே தொடக்கநிலையில் உள்ளோர்க்கு நீர்வண்ணமே ஏற்றது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் தம் தொடக்ககாலத்தில் நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டியவரே.

தாளும் பலகையும்

நீர்வண்ணத் தாளின் உறையில் ‘300 ஜிஎஸ்எம்’ என அச்சிட்டிருப்பதைக் காணலாம். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம் என்பது அதன் பொருள். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. எனவே ஒரு தாளின் எடை 19 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பத்துத் தாள்கள் சேர்ந்தும் 190 கிராமைத் தாண்டா. மெலிந்த தாளை வாங்கி எடையை இன்னும் குறைக்கலாமே என்று தோன்றும். அவ்வாறு செய்யற்க. மெல்லிய தாள் நீர் பட்டதும் அப்பளம்போல் நெளியும். பள்ளங்களில் வண்ணம் தேங்கும். எடையில் சிக்கனம் கூடாத இடம் இது ஒன்றே.

தாளைத் தாங்கும் பலகைதான் எடையைக் குறைக்க வேண்டிய இடம். ஒட்டுப்பலகைக்கு மாற்றாக, விளம்பரத் தட்டிகள் செய்யப் பயன்படும் உள்ளீடற்ற நெகிழித் தகட்டைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்தல் முடிந்தபின்னும் விழா முடிந்தபின்னும் இத்தகைய தகடுகள் எத்தனையோ வீணாகக் கிடக்கின்றன. உரியவரிடம் கேட்டுப் பெற்று, ஏ4 அளவைவிடச் சுற்றிலும் இரண்டு விரற்கடை கூடுதலாக வெட்டிக்கொள்ள வேண்டும். நீர் பட்டாலும் ஊறாது. ஏறத்தாழ 100 கிராம்தான் இருக்கும். தாளின் நான்கு மூலைகளையும் கவ்விகளால் இறுக்கினால் போதும்.

கணிதப்பெட்டி வண்ணப்பெட்டியாதல்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தகரக் கணிதக்கருவிப் பெட்டி ஒன்று உறங்கிக்கொண்டிருக்கும். கவராயத்தையும் பாகைமானியையும் இளையோரிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். துருவைத் தேய்த்து நீக்கியபின், மூடியின் உட்புறத்தில் வெள்ளை எனாமல் வண்ணத்தை இருமுறை பூசி நன்கு உலரவிட வேண்டும். இனி அதுவே வண்ணம் குழைக்கும் தட்டு. வெள்ளைப் பரப்பில் குழைத்தால்தான் தாளில் அவ்வண்ணம் எவ்வாறு தோன்றும் என்பது முன்னரே புலப்படும்.

வண்ணக் கிண்ணங்களாக நெகிழிக் குப்பிகளின் மூடிகள் உதவும். அவை பெட்டியின் ஆழத்தைவிட உயரம் குறைந்தவையாக இருத்தல் வேண்டும். மூன்று செ.மீ. அகலமுள்ள மூடிகள் ஆறு, 18 செ.மீ. நீளத்தில் ஒரே வரிசையாக அமையும். இருபுறமும் ஒட்டும் நாடாவால் அவற்றைப் பெட்டியின் அடியில் பொருத்துக. எஞ்சிய இடம் பென்சிலுக்கும் அழிப்பானுக்கும் ஆகும்.

குழாய் நீர்வண்ணத்தை மூடியில் பாதியளவு பிதுக்கி, ஒரு துளி கிளிசரின் சேர்த்து, ஈர்க்குச்சியால் கலக்கி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலரவிட வேண்டும். உலர்ந்ததும் வண்ணம் சுருங்கிப் பள்ளமாகும். அதன்மேல் மீண்டும் நிரப்பி உலர்த்துக. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் கட்டி வெடிப்பதில்லை. தேனும் இதற்குப் பயன்படும் என்று சிலர் கூறுவர், உண்மைதான். ஆனால் நம் ஊர் எறும்புகளுக்கும் அவ்வுண்மை தெரியும். நான் ஒருமுறை மட்டும் அதைச் செய்துபார்த்தேன்.

எலுமிச்சை மஞ்சள், மஞ்சள் காவி, கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பிரஷ்யன் நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு ஆகிய ஆறும் போதும். எலுமிச்சை மஞ்சளும் பிரஷ்யன் நீலமும் கூடினால் நாற்றங்காலின் இளம்பச்சை பிறக்கும். அதில் செம்பழுப்பைச் சிறிது கலந்தால் பனையோலையின் முதிர்ந்த பச்சை வரும். அல்ட்ராமரினும் செம்பழுப்பும் சேர்ந்தால் கருங்கல்லின் சாம்பல் நிறம். நீலம் மிகுந்தால் நிழலிலுள்ள கல். பழுப்பு மிகுந்தால் வெயிலிலுள்ள கல். கறுப்பு வண்ணமே தேவையில்லை. வெள்ளைக்குத் தாளை வெறுமையாக விட்டுவிடலாம். இருபத்து நான்கு வண்ணங்கள் கொண்ட பெட்டியை உடையவர் நிறத்தைத் தேடிக்கொண்டிருப்பார். ஆறு உடையவர் கலந்துகொண்டிருப்பார்.

தூரிகையும் நீரும்

நுனி கூராகக் குவியும் பெரிய உருண்டைத் தூரிகை ஒன்று, சிறியது ஒன்று, ஓர் அங்குல அகலத் தட்டைத் தூரிகை ஒன்று என மூன்று போதுமானவை. பைக்குள் அடங்காத காம்புகளை அறுத்துக் குறுக்கிக்கொள்ளலாம். அவற்றைக் கோரைப்பாய்த் துண்டில் வைத்துச் சுருட்டிக் கட்டினால் மயிர்நுனி மடங்காது. பாயின் இடைவெளிகளில் காற்றுப் புகுந்து ஈரமும் உலரும்.

நீர்தான் தொகுதியில் மிகுந்த எடையுடையது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஏ4 அளவு ஓவியம் ஒன்றுக்கு அரை லிட்டர் போதும். குடிக்கும் நீரைத் தனிக் குப்பியில் வைத்துக்கொள்க. வரையும் முனைப்பில் வண்ணநீரை வாயருகே கொண்டுசென்றவர் பலர். தூரிகையின் நுனியை நாவால் கூராக்கும் பழக்கமும் கூடாது. சில வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் கலந்திருக்கும். அதே காரணத்தால் அழுக்கு நீரைக் கோயில் குளத்திலோ ஆற்றிலோ கொட்டாமல் குப்பியிலேயே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

நிற்பதும் அமர்வதும்

படித்துறை, மதகு, திண்ணை என நம் ஊர்களில் அமர இடத்துக்குப் பஞ்சமில்லை. மடிமீது பலகையைச் சாய்த்து வரைவதே எளிது. நின்று வரைய விரும்புவோர் நிழற்படக்கருவிக்குரிய முக்காலியைப் பயன்படுத்தலாம். அதன் தலையிலுள்ள திருகு பெரும்பாலும் கால் அங்குல அளவுடையது. அதற்குரிய மரையை ஒரு சிறு மரத்துண்டில் பதித்துப் பலகையின் பின்புறம் பொருத்தினால் தாங்கி ஆயத்தம். காற்றடிக்கும் இடத்தில் முக்காலியின் நடுவே தோள்பையைத் தொங்கவிடுக. ஈர்ப்பு மையம் தாழ்வதால் அது எளிதில் சாயாது. தொன்மைச் சின்னங்கள் உள்ள வளாகங்களில் முக்காலி வைக்க இசைவு வேண்டுமா எனக் காவலரிடம் முதலிலேயே கேட்டறிதல் நன்று.

வெயில் நேராகத் தாளில் விழுந்தால் கண் கூசும். வண்ணங்கள் உள்ளதைவிட வெளிறித் தோன்றும். அதை ஈடுசெய்ய நாம் மேலும் மேலும் அழுத்தமாகத் தீட்டுவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓவியம் இருண்டு கிடக்கும். ஆகவே மரநிழலையோ குடைநிழலையோ நாடவேண்டும். கறுப்புக் குடையே சிறந்தது. சிவப்புக் குடையின்கீழ் வெள்ளைத்தாளும் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

வீட்டில் ஓர் ஒத்திகை

தாள், பலகை, வண்ணப்பெட்டி, தூரிகை, நீர், ஒரு பருத்தித் துணி எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். முக்காலியையும் எடுத்தால் இன்னொரு கிலோ கூடலாம். முதலில் தேவைப்படுவது மேலே இருக்குமாறு பையில் அடுக்குக. பிறகு மொட்டைமாடிக்குச் சென்று, பையைத் திறப்பது முதல் முதல் தீற்றல் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேலானால் ஏதோ ஒன்று மிகையாக இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் பையைக் கொட்டி, பயன்படுத்தாமலே திரும்பிவந்த பொருளைத் தனியே எடுத்துவைப்பது என் வழக்கம். இரண்டு முறை தொடாத பொருள் மூன்றாம் முறை என்னுடன் வருவதில்லை. இவ்வாறு என் பையிலிருந்து வெளியேறியவற்றுள் முதலாவது மடக்கு நாற்காலி.

அடுத்த ஆண்டு மார்கழியில் மீண்டும் மாமல்லபுரம் சென்றேன். முதல் பேருந்திலேயே இடம் கிடைத்தது. எட்டரை மணிக்குப் பாறையின் எதிரே, தரையில் துணி விரித்து அமர்ந்தேன். பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே நீலநிழல் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. பத்தரை மணிக்குள் இரண்டு ஓவியங்கள் முடிந்தன. ஒன்றில் யானையின் கால் சற்றுக் கோணலாகத்தான் அமைந்தது. இளநீர்க்காரப் பாட்டி என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை; தாளை எட்டிப் பார்த்து, “குட்டியானை எங்கப்பா?” என்றார். உண்மைதான், நான் அதை விட்டுவிட்டிருந்தேன். இளநீர் ஒன்றை வாங்கிக் குடித்துவிட்டு மூன்றாம் தாளைப் பலகையில் கவ்வினேன். ஒளி இன்னும் மீதமிருந்தது.