காற்றை இறக்கிவிட்டு ஸ்பிரிங் மாட்டலாமா?

சென்ற மாதம் நம் கலந்துரையாடல் அங்கத்தில் பழைய கார்களைப் பராமரிப்பது பற்றிப் பேசினோம். நிகழ்ச்சி முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது சிரம்பானிலிருந்து ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார்.

"தங்கச்சி, ராத்திரி நல்லாத்தான் நிறுத்துறேன். காலையில பார்த்தா காடி பின்பக்கம் உட்கார்ந்து கெடக்குது. காத்து பம்பை ரெண்டு தடவ மாத்திட்டாங்க. பேசாம காத்தையே தூக்கிப் போட்டுட்டு, வீட்டிலேயே ஸ்பிரிங் மாட்டிக்கலாமா?"

விருந்தினராக வந்திருந்த போர்மேன் முப்பது ஆண்டு அனுபவசாலி. "முடியும், ஆனா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. விளம்பரம் முடிந்தபோது எங்கள் நேரமும் முடிந்துவிட்டது. அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன என்று கேட்டுப் பல நேயர்கள் அழைத்துவிட்டார்கள். நான் பொறியியல் படித்தவள் அல்ல; கேள்வி கேட்பதுதான் என் தொழில். அந்தப் போர்மேனிடம் பிறகு உட்கார்ந்து கேட்டதையும், என் மாமா வீட்டு வாசலில் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

முதலில், காற்று சஸ்பென்ஷன் என்றால் என்ன? நகரப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்துக்கு மேலே இரும்புச் சுருளுக்குப் பதிலாக ஒரு ரப்பர் பை இருக்கிறது. பையில் காற்று. காற்றை அடிக்க ஒரு கம்ப்ரெசர், சேமிக்க ஒரு தொட்டி, திறந்து மூட வால்வுகள், உயரத்தை அளக்க உணரிகள், எல்லாவற்றையும் ஆட்டுவிக்க ஒரு கணினி. சொகுசுக் கார்களிலும் பெரிய நான்கு சக்கர இயக்க வாகனங்களிலும் இதே ஏற்பாடுதான்.

இதில் ஒரு நன்மை உண்டு. இரும்பு ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. ஆள் ஏற ஏற கார் தாழ்ந்துகொண்டே போகும். காற்றுப் பையிலோ எடை கூடினால் கணினி இன்னும் காற்றை நிரப்பும். அழுத்தம் கூடும்போது விறைப்பும் கூடும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் குடும்பமும் பெட்டி படுக்கையும் ஏறினாலும் கார் நிமிர்ந்தே நிற்கும். ஆட்டமும் அப்படியே மெத்தென்று இருக்கும். ஸ்பிரிங்குக்கு மாறுகிறவர் இழப்பது இதைத்தான்.

சரி, ஏன் கெடுகிறது? ரப்பர் பைக்கு வயதாகும். மடிப்புகளில் மயிரிழை போல வெடிப்பு விழும். அதன் வழியே காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இழந்த காற்றை ஈடுகட்ட கம்ப்ரெசர் மறுபடி மறுபடி ஓடும். அது நாள் முழுவதும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. சூடேறும், உள்ளே இருக்கும் சீல் தேயும், கடைசியில் நின்றுவிடும். நம் நாட்டு ஈரக்காற்று இன்னொரு தொல்லை. ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நனைந்து போனால் தண்ணீர் வால்வுகள் வரை போகும். ஆக, கம்ப்ரெசர் செத்தது என்றால் பெரும்பாலும் அது நோயல்ல, நோயின் கடைசிக் கட்டம். கசிவை அடைக்காமல் புது கம்ப்ரெசர் மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும். சிரம்பான் நேயருக்கு இரண்டு தடவை நடந்தது இதுதான் என்று போர்மேன் அடித்துச் சொன்னார்.

எனவே ஸ்பிரிங் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் எடுங்கள். கார் முழு உயரத்தில் நிற்கும்போது, சக்கர வளைவுக்கு வெளியே இருந்தபடியே, பையின் மடிப்புகளிலும் குழாய் சேரும் இடங்களிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். நுரை கொப்பளிக்கும் இடம்தான் கசியும் இடம். இரவில் நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து வைத்துக் காலையில் மீண்டும் அளப்பது இன்னொரு வழி. ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பையையோ அதன் குழாயையோ சந்தேகிக்கலாம். எல்லாம் இறங்கினால் வால்வுப் பெட்டியையும் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. 1994 முதல் 2002 வரை வந்த ரேஞ்ச் ரோவர் பி38 போன்ற வண்டிகளில், பூட்டிவிட்டுப் போன பிறகும் கணினி அவ்வப்போது விழித்துக்கொள்ளும். எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ, மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிட்டு மறுபடி தூங்கிவிடும். காலையில் பார்த்தால் நான்கும் ஒரே அளவில் படுத்திருக்கும். குற்றவாளி யார் என்று தெரியாது! அதற்கென உள்ள ரிலேயைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

காற்றைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் போடும் எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் 1957ல் வந்த கெடிலாக் எல்டோராடோ புரோகம் காரில் நான்கு சக்கரத்துக்கும் காற்றுதான். கசிவுத் தொல்லை தாங்காமல் அதன் உரிமையாளர்கள் பலர் அந்தக் காலத்திலேயே சாதாரண ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டார்கள். கோடீஸ்வரர்களுக்கே அந்த நிலை என்றால் பழைய கார் வாங்கிய நமக்கு ஆசை வருவதில் தப்பில்லை.

இப்போது அந்த 'ஆனா'வுக்கு வருகிறேன். வீட்டில் செய்ய முடியுமா என்பது உங்கள் காரில் காற்றுப் பை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மேலே சொன்ன பி38 வண்டியில் பை தனி, அப்சோர்பர் தனி. முன்னும் பின்னும் ஒரே நீள அச்சு. அதற்கும் சட்டத்துக்கும் நடுவே பை உட்கார்ந்திருக்கிறது. அச்சைக் கீழே தொங்கவிட்டால் பையை உருவி எடுத்துவிட்டு அதே இடத்தில் சுருளை வைக்கலாம். ஸ்பிரிங்கை நசுக்கிப் பிடிக்கும் கருவிகூடத் தேவைப்படுவதில்லை. கை பழகியவர் வீட்டில் செய்யக்கூடிய வேலை இது.

1998ல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் டபிள்யூ220 அப்படியல்ல. அதில் பையும் அப்சோர்பரும் ஒரே உடம்பு. பையை மட்டும் எடுத்துவிட்டுச் சுருள் வைக்க இடமே இல்லை. மாற்றுவதென்றால் சுருளும் அப்சோர்பரும் சேர்த்து முடுக்கிய முழுத் துண்டாக வாங்கி மாட்ட வேண்டும். சுருளைத் தனியாக வாங்கி வீட்டில் நசுக்கி உள்ளே தள்ளுவது கூடவே கூடாது. நசுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் முகத்தில் அடிக்கும். இந்த வகைக் கார்களைப் பட்டறையிலேயே விடுங்கள்.

இனி மாமா கதை. கிள்ளானில் தாமான் வீட்டில் இருக்கிறார். அவருடைய வண்டி முதல் வகை, பெயர் வேண்டாம். கசிவைத் தேடிப் பார்த்து, நான்கு பையும் வெடித்துவிட்டதை உறுதிசெய்து, ஸ்பிரிங் தொகுப்பு வரவழைத்தார். நம் தாமான் வீடுகளில் கார் நிறுத்தும் இடம் மழைத் தண்ணீர் வடியச் சரிவாகத்தான் கட்டியிருக்கும். அந்தச் சரிவில், இரும்புத் தாங்கி வைக்காமல், ஜாக்கை மட்டும் நம்பிப் பின்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்துக்கு முட்டுக் கட்டையும் இல்லை. குறடு எடுக்க வெளியே வந்தவர் நிமிர்வதற்குள் ஜாக் உருண்டு, இரண்டு டன் வண்டி 'தட்' என்று இறங்கியது. அரை நிமிடம் முன்னால் என்றால் அவர் மார்பு அங்கேதான் இருந்தது. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாக்கைத் தூக்கிப் போய் ஸ்டோர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். நான்கு தாங்கிகளும் முட்டுக் கட்டைகளும் வாங்கி, எதிர்வீட்டு நண்பரின் சமதளத் தரையில் இடம் கேட்ட பிறகுதான் சாவி கிடைத்தது.

அடுத்த ஞாயிறு சரியாக நடந்ததைச் சொல்கிறேன். சமதளத்தில் நிறுத்தி, முட்டு வைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றினார். வண்டியைத் தூக்கித் தாங்கிகளைச் சட்டத்துக்கு அடியில் வைத்தார். அச்சுக்கு அடியில் அல்ல, ஏனெனில் அச்சு கீழே இறங்க வேண்டும். அதன் பிறகே காற்றைத் திறந்தார். பி38 போன்ற வண்டிகளின் தொட்டியில் சுமார் 10 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பதைவிட நான்கு மடங்குக்கும் மேல். கண்ணாடி அணிந்து, குழாயை மெல்லத் தளர்த்தி, சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். சக்கரத்தையும் அப்சோர்பரின் கீழ் முனையையும் உயர உணரியின் கம்பியையும் கழற்றி, ஜாக்கால் அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். நான் எதிர்ப்பக்கம் நின்று பிரேக் ரப்பர் குழாய் இழுபடுகிறதா என்று கவனித்தேன். அச்சு அந்தக் குழாயில் தொங்கிவிடக்கூடாது. பிறகு பை வெளியே, சுருள் உள்ளே. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் இரும்பு என்று ஓட்ட முடியாது.

சுருளை வாங்கும்போது உங்கள் எஞ்சினுக்கு உரியதா என்று கேளுங்கள். டீசலும் வி8 பெட்ரோலும் முன்பக்க எடையில் ஒன்றல்ல. 'போத்தோங்' கடையில் கிடைத்ததை அளவு பார்க்காமல் மாட்டினால் மூக்கு தூக்கிய வண்டிதான் மிஞ்சும்.

மாட்டிய பிறகும் வேலை இருக்கிறது. கணினிக்குக் காற்று போனது தெரியாது. எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். தொகுப்போடு வரும் மின்பெட்டியை மாட்டியோ, தயாரிப்பாளர் சொன்னபடி இணைப்பை எடுத்தோ அதை முறையாக நிறுத்த வேண்டும். உயரம் மாறியதால் முன்விளக்கின் கோணத்தையும் சக்கர அலைன்மென்டையும் பார்த்தாக வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் வேலை தொடங்குமுன் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு கேள்வி வந்தால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

மாமாவின் வண்டி இப்போது காலையில் படுத்துக்கொள்வதில்லை. ஆனால் சாலை மேடுகளில் முன்பைவிடக் குலுங்குகிறது. பின்னால் மூன்று பேர் ஏறினால் கொஞ்சம் தாழ்கிறது. "பரவாயில்லம்மா" என்கிறார் மாமா. பின்னால் உட்காரும் அத்தை அப்படிச் சொல்வதில்லை.

சிரம்பான் நேயர் போன வாரம் மறுபடி அழைத்தார். சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தாராம். பின்பக்கக் குழாய் ஒன்று வால்வுப் பெட்டியில் நுழையும் முனையில் நுரை. அந்த முனையை ஓர் அங்குலம் நேராக வெட்டிவிட்டு மீண்டும் சொருகியிருக்கிறார்கள். எட்டு நாளாகக் கார் நிமிர்ந்தே நிற்கிறது. ஆனால் பைகளுக்கும் வயதாகிவிட்டதாம். அதனால் ஸ்பிரிங் தொகுப்பின் விலையை இன்னமும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.